பார்லாக்கின் பீங்கான் உருவங்கள்: சிற்பியின் கை எங்கே முடிகிறது?

உளிமுனை:

ஹாம்பர்க் நகரின் பூங்கா ஒன்றுக்குள் 1962 முதல் இயங்கிவரும் பார்லாக் இல்லத்துக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். ஜெர்மன் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்சிற்பங்களை நேரில் பார்ப்பது எனக்கு அதுவே முதல் முறை. உளி பட்ட ஒவ்வொரு தழும்பையும் தேய்த்து மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார். பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்தத் தழும்புகளே உருவத்துக்கு உயிர் கொடுக்கின்றன.

அதற்கு இரண்டு நாள் கழித்து, வேறோர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய வெண்பீங்கான் உருவங்கள் சிலவற்றைக் கண்டேன். ஜெர்மனியின் தூரிங்கியா பகுதியில் உன்டர்வைஸ்பாக் என்னும் சிற்றூரில் 1909-இல் தொடங்கப்பட்ட ஷ்வார்ட்ஸ்பர்க் பீங்கான் கலைப் பட்டறை அவற்றை வார்த்திருக்கிறது. உட்கார்ந்திருக்கும் பெண், உறங்கும் நாடோடிகள், ரஷ்யக் காதலர் ஆகியவை அவற்றுள் இருந்தன. உண்மையைச் சொன்னால் ஏமாற்றமாக இருந்தது. ரஷ்யப் புல்வெளியில் அவர் கண்ட ஏழை மக்கள் இங்கே சர்க்கரைப் பொம்மைகள் போலப் பளபளக்கிறார்கள்.

எனக்கு இரண்டு ஐயங்கள். பார்லாக் போன்ற ஒரு சிற்பிக்குப் பீங்கான் பொருந்தாத ஊடகம் அல்லவா? மேலும், அவர் களிமண்ணில் ஒரு மூல உருவைச் செய்து கொடுக்க, அதை அச்செடுத்து, வார்த்து, ஒட்டி, மெருகு (சூளையில் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சு) பூசிச் சுட்டவர்கள் அனைவரும் வேறு ஆட்கள் என்னும்போது, பெட்டிக்குள் இருப்பதைப் பார்லாக்கின் படைப்பு என்று எந்த அளவுக்குச் சொல்லலாம்? பீங்கான் தொழில் அறிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

வெண்களி:

ஒரு பீங்கான் ஆலையின் அச்சுப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கலை விமர்சனம் எனக்கு வராது. ஆனால் உங்கள் முதல் கேள்விக்கு என் விடை நேர் எதிரானது. அந்தக் காலத்து ஜெர்மன் சிற்பிகளில் பீங்கானுக்கு மிகவும் பொருந்தியவர் பார்லாக் என்றே நான் சொல்வேன்.

காரணத்தைத் தொழில்வழியாகவே விளக்குகிறேன். கடும் பீங்கானில் ஏறத்தாழப் பாதி கயோலின் என்னும் வெண்களி. மீதி ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்னும் கனிமங்கள். பிளாஸ்டர் அச்சுக்குள் இந்தக் களிக்குழம்பை ஊற்றினால் அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும். சுவரோரம் ஒரு தோல் படியும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடான உருவம் கிடைக்கும். அச்சு கழன்று வரவேண்டுமானால் உருவத்தில் உட்புறமாக வளைந்து கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இருக்கக்கூடாது. நீட்டிய கை, விரித்த விசிறி, காற்றில் பறக்கும் பாவாடை என்று சிற்பி செய்து கொடுத்தால், மூல உருவையே பல துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு எடுத்து, பிறகு குழம்பாலேயே ஒட்டவேண்டும். பார்லாக்கின் ரஷ்ய உருவங்களைப் பாருங்கள். கம்பளி அங்கி உடலை மூடிவிடுகிறது, கைகள் உடலோடு ஒட்டியிருக்கின்றன, அடிப்பாகம் அகலம். அச்சுக்காரன் கும்பிட்டு வாங்கிக்கொள்ளும் உருவம் அது.

சூளையில் நடப்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மெருகு பூசிய பீங்கானை 1400 டிகிரி வரை சுடும்போது அது ஒரு கட்டத்தில் பாகு பதத்துக்கு வந்துவிடும். தாங்கல் இல்லாத கை தொங்கும். முன்பக்கம் சாய்ந்த தலை இன்னும் குனியும். அதற்காகத்தான் அதே பீங்கான் களியில் முட்டுகள் செய்து கொடுப்போம். வேறு களியில் செய்தால் முட்டு சுருங்கும் அளவும் உருவம் சுருங்கும் அளவும் ஒத்துப்போகாது. அனுபவசாலி, தலை எவ்வளவு குனியும் என்று கணித்து, சுடுவதற்கு முன்பே சற்று நிமிர்த்தி வைத்துவிடுவார். பார்லாக்கின் உருவங்களுக்கு இந்தப் பாடெல்லாம் மிகக் குறைவு.

பழங்கணக்கு:

வெண்களி ஐயா சொன்னதற்கு வரலாற்றிலும் ஆதாரம் உண்டு. உளிமுனை அவர்கள் மரச்சிற்பங்களை முதலில் பார்த்துவிட்டுப் பீங்கானைப் பின்னர் பார்த்ததால், மரத்தில் இருந்தது பீங்கானில் கரைந்துபோனதாகத் தோன்றியிருக்கிறது. நடந்த வரிசை வேறு.

1870-இல் வேடலில் பிறந்த பார்லாக், ஹாம்பர்க்கிலும் டிரெஸ்டனிலும் பயின்றபின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாம்பர்க்கை ஒட்டிய அல்டோனாவின் முட்ஸ் மட்பாண்டப் பட்டறைக்காக வேலை செய்தார். 1904, 1905-இல் வெஸ்டர்வால்டு பகுதியின் ஹோர் ஊரில் இருந்த மட்கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1906-இல் தம்பி ஒருவர் வேலை பார்த்துவந்த, அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த கார்கிவ் நகருக்குப் போய், ஏறத்தாழ இரண்டு மாதம் அந்தச் சமவெளியில் சுற்றித் திரிந்துவிட்டு, ஓவியக் குறிப்பேடுகளோடு திரும்பினார். அந்தப் பயணத்திலிருந்து முதலில் பிறந்தவை மரச்சிற்பங்கள் அல்ல. கிண்ணம் ஏந்திய பிச்சைக்காரியும் குருட்டுப் பிச்சைக்காரனும் சுட்ட மண் உருவங்களாகவே வந்தன. அவற்றை ரிச்சர்ட் முட்ஸின் பட்டறை சுட்டது. 1907-இல் பெர்லின் செசெஷன் என்னும் கலைஞர் சங்கத்தின் கண்காட்சியில் பார்லாக்கின் பெயரை நிலைநாட்டியவை அவையே. அதே ஆண்டில்தான் பால் காசிரர் என்னும் கலை வணிகர் அவருக்கு நிலையான வருவாய்க்கு வழிசெய்தார். மரத்தில் அவர் ஊன்றி இறங்கியது அதற்குப் பிறகு.

ஆகவே உன்டர்வைஸ்பாக்குக்கு மூல உரு கொடுத்த பார்லாக், பானை சுடும் இடங்களிலேயே பல ஆண்டுகள் புழங்கிய மனிதர். எந்த மடிப்பு அச்சில் மாட்டும், எந்த விளிம்பு சூளையில் மழுங்கும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

உளிமுனை:

இந்த வரிசை எனக்குத் தெரிந்திருக்கவில்லை, நன்றி. ஆனாலும் ஒன்று இடிக்கிறது. நீங்கள் குறிப்பிடும் 1906-ஆம் ஆண்டு உருவங்கள் பழுப்பு நிறக் கல்மண் வகை, அதாவது கல்போல் இறுகச் சுட்ட மண். வெளிச்சத்தை விழுங்கும் மேற்பரப்பு கொண்டவை. பீங்கான் வெள்ளை, அதன்மேல் கண்ணாடி மெருகு. வடிவம் பொருந்துகிறது என்பதை ஏற்கிறேன். மேற்பரப்பு பொருந்துகிறதா? பிச்சை எடுப்பவளின் அங்கியை வெண்ணெய்போல வழுக்கவிடும் ஊடகத்தை அந்தச் சிற்பி விரும்பித் தேர்ந்தெடுத்தார் என்று நம்ப முடியவில்லை. பட்டறை கேட்டது, பணம் வந்தது, கொடுத்தார் என்றுதான் தோன்றுகிறது.

பழங்கணக்கு:

பட்டறை கேட்டது என்பது சரி. கேட்டவர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். மாக்ஸ் அடால்ஃப் ஃபைஃபர் என்பவர்தான் அந்தப் பட்டறையைத் தொடங்கியவர். அப்போது ஜெர்மன் பீங்கான் ஆலைகள் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வாழ்ந்துகொண்டிருந்தன. 1731-இல் புகழ்பெற்ற மைசன் பீங்கான் ஆலையில் சேர்ந்த சிற்பி கேண்ட்லரின் உருவங்களையும் அவற்றின் பேரப்பிள்ளைகளையும் திரும்பத் திரும்ப வார்ப்பதே தொழிலாக இருந்தது. ஆலைக்குள்ளேயே வளர்ந்த மாதிரி வரைவாளர்களை விட்டுவிட்டு, வெளியே கண்காட்சிகளில் பெயர் வாங்கிய சிற்பிகளிடம் போய் ஃபைஃபர் மூல உரு கேட்டார். பார்லாக்கைப் போலவே, அப்போது இருபது வயதைச் சற்றே கடந்திருந்த கெர்ஹார்ட் மார்க்ஸும் அங்கே விலங்கு உருவங்கள் செய்தார். பால் ஷோய்ரிஷ் என்னும் சிற்பியும் அந்த வட்டத்தில் இருந்தவர். பின்னர் ஃபைஃபர் மைசனுக்குப் போய் அதன் தலைமையை ஏற்றபோது, இதே கொள்கையை அந்தப் பெரிய ஆலைக்கும் கொண்டுபோனார்.

ஒரு செய்தி உங்கள் மேற்பரப்புக் கேள்விக்கே பொருந்தும். மைசனில் ஃபைஃபர் மீண்டும் உயிர்ப்பித்தவற்றுள் ஒன்று, மைசன் பீங்கானின் முன்னோடி போட்கர் வெண்பீங்கானுக்கு முன்னரே கண்டுபிடித்த செம்பழுப்புக் கல்மண். சிற்பி மாக்ஸ் எஸ்ஸரின் நீர்நாய் போன்ற விலங்கு உருவங்கள் அதில்தான் முழுமை பெற்றன. எல்லா உருவத்துக்கும் வெள்ளை ஒத்துவராது என்பதை ஃபைஃபரும் உணர்ந்திருந்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த அளவில் உங்கள் பக்கம் ஒரு புள்ளி.

மரப்பாச்சி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பெர்லின் அரசப் பீங்கான் ஆலையின் திருமண ஊர்வலம் இந்த விவாதத்துக்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு என்று எனக்குப் படுகிறது. அடால்ஃப் அம்பெர்க் செய்த அந்த மேசை அலங்கார வரிசை, 1905-இல் பட்டத்து இளவரசர் வில்ஹெல்முக்கும் செசிலிக்கும் நடந்த திருமணத்தை ஒட்டி, முதலில் வெள்ளியில் செய்வதற்காக எண்ணப்பட்டது. அது ஏற்கப்படாமல் போகவே, 1908-இல் ஆலை மூல உருக்களை வாங்கிப் பீங்கானில் வார்த்தது. மணமகள் கிரேக்கப் புராணத்து யூரோப்பாவாகக் காளையின்மேல் வருகிறாள். மணமகன் குதிரைமேல் வருகிறான். பல நாட்டு மக்களின் உருவங்கள் கனியும் மலரும் சுமந்து பின்தொடர்கின்றன. வெள்ளிக்காகச் சிந்தித்த உருவம் பீங்கானில் இவ்வளவு அழகாக வந்திருக்கும்போது, ஊடகம் பற்றி நாம் கவலைப்படுவது தேவைதானா?

வெண்களி:

அழகாக வந்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை, அம்மா. யார் தலையில் சுமை ஏறியது என்பதுதான் என் கேள்வி. வெள்ளியில் மெல்லிய கணுக்காலின்மேல் முழு உடலையும் நிறுத்தலாம்; உலோகம் தாங்கும். பீங்கானில் நான்கு மெலிந்த குதிரைக் கால்களின்மேல் ஒரு வயிறும் அதன்மேல் ஓர் ஆளும் என்றால், சூளைக்குள் வயிற்றுக்கு அடியில் முட்டு நிற்கவேண்டும். பலமுறை உடைந்து வீணாகவேண்டும்.

உளிமுனை அவர்களின் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. துண்டுகளை ஒட்டிச் சேர்ப்பவருக்கு ஜெர்மன் மொழியில் பொசியரர் என்று பெயர். அச்சிலிருந்து வந்த துண்டு மொண்ணையாகத்தான் இருக்கும். மூட்டுக்கோட்டைச் சீவுவது, கண்ணிமையைத் திரும்பக் கீறுவது, விரல்களைப் பிரிப்பது எல்லாம் அவர் கைவேலை. ஒட்டும்போது ஒரு தலை இரண்டு பாகை திரும்பினால் நாணம் அலட்சியமாக மாறிவிடும். ஷோய்ரிஷ் மைசனுக்காகச் செய்த உருவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்ய பாலே நடனக் குழுவின் கார்னவல் ஆட்டத்தை வைத்து அவர் முதல் உலகப்போரை ஒட்டிச் செய்த ஹார்லிகுவின் என்னும் கோமாளி, அவன் காதலி கொலம்பைன் ஆகியோரின் வரிசையில் உயிர் இருப்பது விரல் நுனியிலும் கழுத்துத் திருப்பத்திலும்தான். அந்த நுனியை ஒவ்வொரு பிரதியிலும் மீண்டும் உண்டாக்கியவர் பொசியரர். ஆகவே ஷோய்ரிஷின் உருவத்தில் பாதி அந்தத் தொழிலாளியுடையது என்பேன். பார்லாக்கின் உருவத்தில் அந்தப் பங்கு குறைவு. துண்டுகள் குறைய, இடைக்கையும் குறைகிறது. ஊடகம் பொருந்தவில்லை என்று நீங்கள் சொல்லும் அதே சிற்பிதான் தம் பீங்கானுக்குள் அதிகமாகத் தங்கியிருக்கிறார்.

உளிமுனை:

இது என்னை யோசிக்க வைக்கிறது. ஆனால் "தங்கியிருக்கிறார்" என்றால் எந்தப் பிரதியில் தங்கியிருக்கிறார்? முதல் வார்ப்பிலா, நூறாவது வார்ப்பிலா?

ரைன்கரை:

அந்தக் கேள்விக்குப் பணம் கட்டிப் பாடம் கற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஜெர்மனிக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பார்லாக்கின் உட்கார்ந்திருக்கும் பெண் என்று சொல்லி ஒரு வெண்பீங்கான் உருவத்தை ஒருவர் விற்றார். அடியில் ஷ்வார்ட்ஸ்பர்க் பட்டறையின் நடைநரி முத்திரை அழுத்தப்பட்டிருந்தது. எனக்கு அது போதும் என்று தோன்றியது. ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கிவந்தேன்.

வீட்டுக்கு வந்து நாள்கணக்கில் பார்த்தபோதுதான் சில விஷயங்கள் உறுத்தின. முத்திரையில் நரியின் கால்கள் தனித்தனியாக இல்லாமல் ஒரே கட்டியாகச் சேர்ந்திருந்தன. உளிமுனை அவர்கள் சொன்ன வெண்ணெய் வழுக்கல் என் உருவத்திலும் இருந்தது. முகத்திரைக்கும் கன்னத்துக்கும் இடையே இருக்கவேண்டிய பள்ளம் ஒரு நிழலாகக்கூட விழவில்லை. பிறகு ஓர் அருங்காட்சியகத்தில் அதே உருவத்தின் பழைய வார்ப்பைப் பார்க்க வாய்த்தது. விளக்க அட்டையில் போட்டிருந்த உயரத்தைக் குறித்துக்கொண்டு வந்து என்னுடையதை அளந்தேன். என்னுடையது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குள்ளம். இதற்கு என்ன பொருள் என்று வெண்களி ஐயாதான் சொல்லவேண்டும். எனக்கே தெரியும் என்றாலும் தொழிலறிந்தவர் வாயால் கேட்டால் மனம் ஆறும்.

வெண்களி:

மனம் ஆறுமா என்று தெரியவில்லை. பீங்கான் காய்ந்து சுட்டு முடிக்கும்போது மொத்தத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடும். சிற்பி செய்த மூல உரு 28.8 சென்டிமீட்டர் என்றால், ஆலையிலிருந்து வெளிவருவது 24 சென்டிமீட்டர். அந்த 24 சென்டிமீட்டர் பீங்கானையே மாதிரியாக வைத்து ஒருவர் புதிதாக அச்செடுத்து வார்த்தால், அவருக்குக் கிடைப்பது 20 சென்டிமீட்டர். உங்களிடம் இருப்பது உருவத்திலிருந்து எடுத்த உருவம். நரியும் அதோடு சேர்ந்து சுருங்கி, மெருகுப் படலத்தின்மேல் இன்னொரு மெருகுப் படலம் படிந்ததால் கால்கள் ஒட்டிப்போய்விட்டன.

உளிமுனை கேட்ட முதல் வார்ப்பு, நூறாவது வார்ப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டர் அச்சு ஒவ்வொரு முறையும் சிறிது தேயும். சில பத்து வார்ப்புகளுக்குப் பின் விளிம்புகள் மழுங்கும். ஒழுங்கான ஆலை பழைய அச்சை உடைத்துப் போட்டுவிட்டு, பாதுகாப்பாக வைத்திருக்கும் தாய் அச்சிலிருந்து புதியது எடுக்கும். எடுத்த உடனே வார்த்த பிரதி கூர்மையாக இருக்கும். அச்சின் கடைசிக் காலத்துப் பிரதி தளர்ந்திருக்கும். ஒரே ஆலை, ஒரே ஆண்டு, ஒரே முத்திரை கொண்ட இரண்டு உருவங்களுக்குள்ளேயே இந்த வேறுபாடு உண்டு. ஆகவே வாங்குபவர் முத்திரைக்கு முன்னால் மடிப்பின் ஆழத்தைப் பார்க்கவேண்டும். நகத்தை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

மரப்பாச்சி:

ஒரு சிறு ஐயம். இவற்றுக்கு வண்ணம் தீட்டியிருந்தால் உளிமுனை அவர்களின் குறை நீங்கியிருக்குமா? அம்பெர்க்கின் ஊர்வலம் வெள்ளையாகவும் வண்ணமாகவும் விற்கப்பட்டது அல்லவா?

பழங்கணக்கு:

ஆம், இரண்டு வகையாகவும் வந்தது. ஆனால் வண்ணம் பீங்கானை உடை, நகை, பூ என்று பேச வைக்கும். அரசவை ஊர்வலத்துக்கு அது நல்லது. பார்லாக்கின் நாடோடிகளுக்குக் கன்னத்தில் ரோசா நிறம் பூசினால் கதை கெட்டது. வெறும் வெள்ளையாக விட்டது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-இல் ஃபைஃபர் மைசன் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். 1937-இல் பார்லாக்கின் 381 படைப்புகள் சீரழிந்த கலை என்று நாஜி ஆட்சியால் பொது நிறுவனங்களிலிருந்து அகற்றப்பட்டன. குஸ்ட்ரோவ் பேராலயத்தில் 1927 முதல் தொங்கிய அவருடைய வெண்கல மிதக்கும் தேவதை அதே ஆண்டு கழற்றப்பட்டு, பின்னர் போர்த்தேவைக்கு உருக்கப்பட்டது. 1938 அக்டோபரில் பார்லாக் ரோஸ்டாக்கில் காலமானார்.

வெண்களி:

உருக்கியது வெண்கலம் என்பதால் ஒரு வார்த்தை. சுட்ட பீங்கானைத் திரும்ப எதற்கும் உருக்க முடியாது. உடைக்கலாம், அவ்வளவுதான்.

உளிமுனை:

நேற்று அதே அருங்காட்சியகத்துக்கு மறுபடியும் போய்வந்தேன். இந்த முறை பெட்டிக்கு முன்னால் நேராக நிற்காமல், மாலை வெயில் சாளரத்தின் வழியாகச் சாய்வாக விழும் நேரம் வரை காத்திருந்து பக்கத்திலிருந்து பார்த்தேன். மேலிருந்து விழும் மின்விளக்கில் வழுக்கலாகத் தெரிந்த அங்கி, சாய்ந்த வெளிச்சத்தில் மூன்று பெரிய தளங்களாகப் பிரிந்து நின்றது. பளபளப்பு அந்தத் தளங்களின் விளிம்பில் ஒரு கோடாக ஒதுங்கிவிட்டது. மரத்தில் நான் கண்ட உளித்தழும்பு இதில் இல்லைதான். ஆனால் அதைத் தேடுவதை நிறுத்தியபோது, கட்டைவிரலால் களியை ஒரே இழுப்பில் அமுக்கித் தள்ளியது போன்ற ஓர் இறக்கம் தோளிலிருந்து முழங்கால் வரை ஓடுவது கண்ணில் பட்டது. பழங்கணக்கு அவர்கள் சொன்ன மட்கலைஞர் அங்கே இருக்கிறார்.

முகங்களைப் பொறுத்தவரை என் கருத்து மாறவில்லை. மெருகு அவற்றைத் தின்றுவிட்டது. முகம் மறையாத எந்த பார்லாக் உருவத்தையும் நான் மரத்திலேயே பார்க்க விரும்புகிறேன்.

வெண்களி:

முகத்தைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மெருகு மிக மெல்லிய படலம்தான்; ஆனாலும் இமைக்கோட்டை நிரப்ப அது போதும். நாங்கள் அதற்காகவே முகத்தில் மட்டும் கோட்டைத் தேவைக்கு மேல் ஆழமாகக் கீறுவோம். அந்தக் கீறல் சிற்பியுடையதா எங்களுடையதா என்று நீங்கள் கேட்டால், நான் சிரித்துக்கொண்டு போய்விடுவேன்.

ரைன்கரை:

என் குள்ளப் பெண்ணை என்ன செய்வது என்று குடும்பத்தில் ஒரு வாரமாகப் பேச்சு. வாங்கிய இடத்திலேயே விற்றுவிடலாம் என்றான் மகன். இன்னொருவர் தலையில் கட்டுவதற்கு மனம் வரவில்லை. உள்ளே கூடாக இருக்கும் உருவம் சூளையில் வெடிக்காமல் இருக்க அடியில் ஒரு துளை விட்டிருப்பார்கள் அல்லவா. "இது மூலத்திலிருந்து எடுத்த நகல், உயரத்தை அளந்து பார்க்கவும்" என்று ஒரு சீட்டில் ஜெர்மன் மொழியில் எழுதி, சுருட்டி, அந்தத் துளை வழியாக உள்ளே போட்டுவிட்டேன். இப்போது எடுத்து அசைத்தால் இலேசாகச் சலசலக்கிறது. பழையபடி சாளரத்தோரம், வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில் வைத்திருக்கிறேன்.